அவர் வண்டியின் துரு

ஞாயிறு, படுக்கப் போகும் முன்.

என் வீட்டுக்காரருடைய வண்டியை எடுத்து ஓட்டட்டுமா என்று கொழுந்தன் பாபு போன வாரம் கேட்டான். அவரைக் கொண்டுபோன விபத்துக்குப் பிறகு யாரும் தொடாமல் நின்ற வண்டி. இன்று தோல் பதனிடும் டேனரியிலிருந்து ஒரு கேனில் ஆசிட் கொண்டுவந்தான். பெட்ரோல் டேங்கைக் கழற்றி, உள்ளே இருக்கும் துரு கரைய ஆசிட்டை ஊற்றி, சுரண்டி எடுக்க ஒரு பிடி நட்டும் போட்டு, இரண்டு பேருமாகப் பிடித்துக் குலுக்கினோம். கவிழ்த்தபோது செங்கல்லைக் கரைத்த மாதிரி கொட்டியது.

"இன்னா அண்ணி, இவ்ளோ துரு! இது போய் அடைச்சிக்கினா வண்டி நடுரோட்ல அப்படியே நின்னுடும்."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

ஹைவேயில் அவரை இடித்த லாரிக்காரனும் போலீசிடம் நடுரோடு என்றுதான் சொன்னான். "அவராவே நடுரோட்ல நிறுத்திட்டாரு சார்." வேண்டுமென்றேதான் நிறுத்தினார் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று காலை நான் அவரிடம் என்ன பேசினேன் என்று எனக்குத்தானே தெரியும்.

"இந்தத் துரு அப்பவே இருந்திருக்குமா பாபு?"

"சும்மா நின்ன வண்டி அண்ணி. அப்ப எவ்ளோ இருந்திச்சி, அப்புறம் எவ்ளோ ஏறிச்சின்னு எப்படிச் சொல்றது?"

மறுபடி மறுபடி அலசினான். போதும், கொஞ்சம் விட்டுவை என்று சொல்ல நினைத்தேன். கடைசித் தண்ணீர் தெளிவாக வந்தது.

அவன் போன பிறகு சாக்கடையோரம் படிந்திருந்த துருவை விரலால் வழித்து, விளக்கடியில் பார்த்தேன். எல்லாம் ஒரே நிறம்.