இடம் இல்லை என்று சொன்னவன்

திருத்தணி
28.11.2025

அன்பு மகள் தேவிப்பிரியாவுக்கு நைனா எழுதுவது. முருகன் தயவில் எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் குழந்தை எழிலும் உன் வீட்டுக்காரரும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் லாட்ஜைத் திறக்கிறேன். வின்னிபெக்கில் மைனஸ் பதினைந்து என்று போன வாரம் அம்மா போனில் பார்த்துவிட்டு, ஐஸில் வழுக்கி விழாமல் நடக்கச் சொல்லுங்கள் என்றாள், சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராதம்மா, அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து நிதானமாகப் படி, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பிரிக்காதே.

இங்கே மழை விட்டபாடில்லை. ஐயப்பன்மார்கள் ஆந்திராப் பக்கத்திலிருந்து வேன் வேனாக வருவதால் லாட்ஜில் நல்ல கூட்டம். நம் பங்காருவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ரூம்களைப் பெருக்குகிறான், ஒரு மாதம் வீட்டில் இரு என்றால் கேட்பதில்லை. உன் பெரிய அத்தை வீட்டுக்காரர், நம் பெரிய பாவாவுக்குச் சர்க்கரை ஏறிக் காலில் புண், பள்ளிப்பட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இதெல்லாம் வழக்கமான சேதி. விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வாரத்துக்கு முன்பு எழில், தான் கிறிஸ்துமஸ் நாடகத்தில் சத்திரக்காரனாக நடிக்கப் போவதாகச் சொன்னாள் அல்லவா, தாடியெல்லாம் ஒட்டிக் காட்டினாளே. அப்போது நீ அடுப்படிக்குப் போயிருந்தாய். அவள் என்னைக் கேட்டாள், "தாத்தா, நீங்க லாட்ஜ் வெச்சிருக்கீங்கல்ல, ரூம் இல்லன்னு எப்படிச் சொல்லுவீங்க? கோவமா சொல்லணுமா, பாவமா சொல்லணுமா?" என்று. லைன் சரியில்லை என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

எட்டு வயதுக் குழந்தை கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டேனே என்று மனது கேட்கவில்லை. சத்திரத்தில் இடம் கிடைக்காத பிள்ளைத்தாய்ச்சி மாட்டுக் கொட்டகையில் சாமிக் குழந்தையைப் பெற்ற அந்தக் கதையை எடுத்த படங்களைப் போனில் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். மத்தியானம் கவுன்ட்டரில் ஆள் இல்லாத நேரத்தில் பங்காருவும் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்வான், ஆபரேஷன் ஆன கண்ணோடு பார்க்காதே என்று சொன்னால், காதால் கேட்கிறேன் என்பான். நான் சின்னப் பையனாக இருந்தபோது அரக்கோணத்தில் ஒரு சர்ச் மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டி இதே கதையைப் போட்டார்கள். அதில் சத்திரக்காரன் தொந்தியைத் தடவிக்கொண்டு அந்தப் பிள்ளைத்தாய்ச்சியை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கதவை அறைந்து சாத்துவான். மைதானமே அவனைத் திட்டியது, நான் மண்ணை வாரித் துணியின் மேல் எறிந்தேன். இப்போது பார்த்தால் ஒவ்வொரு படத்திலும் அவன் ஒவ்வொரு மாதிரி இருக்கிறான். பொம்மைப் படத்தில் கோமாளி, அவன் தலையிலேயே யாரோ படுத்துத் தூங்குகிறார்கள். இன்னொன்றில் அவன் பெண்டாட்டி மனசு கேட்காமல் விளக்கை எடுத்துக்கொண்டு வந்து மாட்டுக் கொட்டகைக்கு வழி காட்டுகிறாள். வேறொன்றில் அவன் ரொம்ப நல்லவன், தான் போர்த்தியிருந்த கம்பளியையே கொடுத்து அனுப்புகிறான். அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. அப்போது பங்காரு கேட்டான், "ஏன் மொதலாளி, எல்லாப் படத்துலயும் ரூம் நெஜமாவே ஃபுல்லாயிருக்குது. ரூம வெச்சிக்கினே இல்லன்னு சொன்ன ஆளு எதுலயாச்சும் வர்றானா?" அவன் மனதில் எதையும் வைத்துக்கொண்டு கேட்டானா, சும்மா கேட்டானா, தெரியவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான்.

மறுநாள் காலையில் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் ரயில் ஏறி அரக்கோணத்தில் உன் மாமனார் வீட்டுக்குப் போனேன். உனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகிறது, வேறு மதத்தில் கட்டிக்கொண்டாய் என்ற கோபத்தில், பத்து மைல் தூரத்தில் இருக்கும் அந்த வீட்டு வாசலை அன்றைக்குத்தான் மிதித்தேன். உன் மாமனார் கதவைத் திறந்ததும் "வாங்க சம்மந்தி" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். எழிலின் நாடகத்தைச் சொல்லி, இந்தக் கதைக்கு என்னதான் அர்த்தம், சத்திரக்காரன் நல்லவனா கெட்டவனா என்று கேட்டேன். அவர் பைபிளை எடுத்து விரலை வைத்துக் காட்டினார். "இதுல சத்திரக்காரன்னு ஒரு ஆளே கெடையாதுங்க. எடம் இல்லாம போச்சுன்னு போற போக்குல ஒரு பேச்சு, அவ்ளோதான். மிச்சமெல்லாம் நாடகம் போடறவங்களும் படம் எடுக்கறவங்களும் சேத்துக்கினது" என்றார். இல்லாத ஆளை ஏன் சேர்க்கிறார்கள் என்றேன். "எடம் இல்லன்னா யாரோ ஒருத்தர் வாயால சொல்லியிருக்கணும்லங்க? அந்த வாய் யாருதுன்னு பாக்க ஜனங்களுக்கு ஆச. ஆனா கத அவனப் பத்தினது இல்லீங்க. அவன் இல்லன்னு சொன்னப்புறமும் கொழந்த பொறந்துச்சு பாருங்க, அதான் கத" என்றார். காபி கொண்டுவந்த உன் மாமியார், "நம்ம தேவிகூட எழிலு வயித்துல இருந்தப்ப அப்டித்தானே வந்தா" என்று ஆரம்பித்தார். "காலு ரெண்டும் வீங்கி, ஸ்டேஷன் பெஞ்சுல ரெண்டு மணி நேரம் உக்காந்து, முடியாமத்தான் வந்து சேந்தா. என்னம்மா ஆச்சுன்னா, கிருத்திக கூட்டம் அத்த, நைனாவுக்கே நிக்க எடமில்ல, பாவம்னு சொன்னா. ஒரு வார்த்த உங்கள விட்டுக்குடுக்கலீங்க" என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "ரூம் இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டேன்.

ஆமாம் தேவி. ரூம் இருந்தது. பதினோராம் நம்பர். ஆடிக் கிருத்திகைக்கு வரச் சொல்லி அம்மா உனக்கு ரகசியமாகப் போன் செய்ததும், சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது நான் கோபப்பட மாட்டேன் என்று அவள் கணக்குப் போட்டதும் எனக்குத் தெரியாது. காலையில் பங்காரு அந்த ரூமைக் கழுவிவிட்டு, அம்மா வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொன்னதாகச் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தபோதுதான் புரிந்தது. சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏழு மாத வயிற்றோடு, காவடிக் கூட்டத்துக்குள்ளே வேர்த்து விறுவிறுத்து நீ வந்து கவுன்ட்டர் முன்னால் நின்றாய். பின்னால் உன் வீட்டுக்காரர் கிதியோன் இரண்டு கையிலும் பையோடு நின்றார். உள் ரூமில் பெரிய பாவாவும் பள்ளிப்பட்டு ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். நீ நைனா என்றாய். நான் நோட்டைப் புரட்டிக்கொண்டே, "ரூம் இல்ல, வீட்லயும் எடமில்ல, அரக்கோணம் போயிடுங்க" என்றேன். பெற்ற பெண்ணைப் போயிடுங்க என்றேன். கிதியோன், "பரவால்ல மாமா, நாங்க பாத்துக்கறோம்" என்றார். அதற்கும் நான் தலை நிமிரவில்லை. நீங்கள் படியிறங்கும்போது உள்ளேயிருந்து பாவா, "யாருப்பா அது?" என்று கேட்டார். நான், "யாரோ ரூம் கேட்டு வந்தவங்க பாவா" என்றேன். அது உன் காதில் விழுந்ததா என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. விழுந்திருந்தும் நீ இத்தனை வருஷம் என்னோடு சிரித்துப் பேசியிருந்தால் அதை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மா மலையிலிருந்து தரிசனம் முடிந்து இறங்கி வந்து கேட்டபோது, கூட்டம் தாங்காமல் அந்த ரூமைக் கொடுத்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினேன். அன்றைக்கு முழுக்க அது பூட்டியே கிடந்தது.

அரக்கோணத்தில் இதைச் சொல்லி முடித்ததும் உன் மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார். மாமனார் பைபிளை மூடி அலமாரியில் வைத்தார். கடைசியில், "இத நீங்க எங்ககிட்ட சொல்லி ஆவறது ஒண்ணுமில்லீங்க, பொண்ணுகிட்ட சொல்லுங்க" என்றார். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது உன் மாமியார் வந்து, "எல போட்டாச்சு, சாப்ட்டுட்டுப் போங்க" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். சாப்பிட்டேன். அந்தச் சோற்றை எப்படி விழுங்கினேன் என்று முருகனுக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னேன். அவள் சண்டை போடுவாள் என்று பார்த்தேன், போடவில்லை. "புதுப் பாய் விரிச்சி, கொழந்தைக்குத் தாகம் எடுக்குமேன்னு தல மாட்டுல தண்ணி வெச்சிட்டுத்தான்யா மல ஏறினேன்" என்றாள். அவ்வளவுதான். இன்றைக்கு நான்காவது நாள், சாப்பாடு வைக்கிறாள், பேச்சு இல்லை. அவள் பேசாவிட்டாலும் அது நியாயம்தான் என்று இருக்கிறேன்.

எழிலுக்கு இந்தக் கதையை இப்போது சொல்ல வேண்டாம். அவள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிடு. கோபமாகவும் வேண்டாம், பாவமாகவும் வேண்டாம். வந்தவர்கள் முகத்தைப் பார்க்காமல் கையில் இருக்கிற எதையாவது புரட்டிக்கொண்டே சொல்லச் சொல். அப்படித்தான் சொல்வார்கள். அவள் பெரியவளான பிறகு என்னைப் பற்றி என்ன சொல்ல வேண்டுமோ அதை நீ சொல்லலாம், நான் மறுக்க மாட்டேன். நாடகத்தன்று தாடி ஒட்டும் பசை அவள் முகத்துக்கு ஒத்துக்கொள்கிறதா என்று முந்தின நாளே பார்த்துக்கொள், சின்ன வயதில் உனக்கும் எது பட்டாலும் தடித்துப்போகும்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதி எழுதி இரண்டு காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். அதை நான் கேட்டால், கொடுக்காமல் இருக்க உனக்கு மனசு வராது, அதனால் கேட்கவில்லை. உனக்கு என்ன தோன்றுகிறதோ அப்படி இரு. கோபம் வந்தால் கோபமாகவே இரு, அம்மாவுக்கு மட்டும் போன் செய்வதை நிறுத்தாதே. எழிலுக்கு முத்தங்கள். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். ஸ்வெட்டருக்கு உள்ளே இன்னொன்று போட்டுக்கொள்ளாமல் வெளியே போகாதே.

ஒன்றே ஒன்று. அன்றைக்கு மாப்பிள்ளை பரவாயில்லை மாமா என்று சொன்னதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. மாப்பிள்ளை என்று அவரை நான் ஒரு நாளும் கூப்பிட்டதும் இல்லை, இப்போதுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். அவருக்குச் சம்மதம் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை அவரிடம் கொடு. நான் நிமிர்ந்து பார்த்துப் பேசுகிறேன்.

இப்படிக்கு உன் நைனா,
தணிகைமணி