சரசுவின் இரண்டாவது பதிவு

செவ்வாய்க்கிழமை

ஆன்லைன் காலேஜில் முதல் வருடத்துக்காரர்களுக்குப் பேச்சுத்திறன் தேர்வு. தன் வேலையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். மார்க் போடுவது நான்.

சேந்தமங்கலத்து சரசு கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவள். போன வாரம் அனுப்பியதில், "வெயில் ஏறுனா கோழியெல்லாம் வாயைப் பொளந்துக்குமுங்க. ஊட்டுக்கு ஓடிப்போய்ச் சாக்கு எடுத்தாந்து நனைச்சுப் பண்ணையைச் சுத்திக் கட்டுவேன்" என்றாள். கேட்கும்போதே எனக்கு வேர்த்தது. ஆனால் கொச்சைப் பேச்சு என்றால் பாதி மார்க்கை வெட்ட வேண்டுமாம். அந்த விதியை எழுதினவன் எந்த ஊட்டில் பிறந்தானோ. வெட்டினேன். ஃபெயில்.

போனில் கேட்டாள்: "ஏனுங்க மேடம், ஊடுன்னா தப்புங்களா?"

ஊடு என்று சொல்லியே வளர்ந்தவள் நான். "வீடுன்னு சொல்லி மறுபடி அனுப்பும்மா" என்றேன்.

இன்று அனுப்பியிருந்தாள். "கோழி வளர்ப்பு ஒரு சிறந்த தொழிலாகும்" என்று ஆரம்பித்து, எதையோ பார்த்துப் படித்தாள். வெயில் இல்லை, சாக்கு இல்லை. ஒரு தப்பும் இல்லை.

இருபதுக்குப் பதினெட்டு போட்டேன். மார்க் ஷீட்டின் கடைசியில் ஒரு கேள்வி இருக்கும், 'மாணவரிடம் முன்னேற்றம் தெரிகிறதா?' என்று. ஆம் என்று டிக் அடித்தேன்.