அந்தப் படத்தில் இருப்பது நான்தான்

தாகேதா, ரங்கூன்

என் கண்ணு விஜயகுமாரிக்கு அம்மா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் சிங்கப்பூரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கவேண்டுமென்று காளியம்மனைக் கும்பிட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்க கடிதம் எதற்கு என்பாய். போனில் சொன்னால் அழுதுவிடுவேனடி, பாதியில் லைனும் போய்விடும். உதுமான் அண்ணன் மகள் நாளை அங்கே வருகிறாள், ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். இங்கே கரண்ட் நாலு மணி நேரம்தான், சில நாள் அதுவும் இல்லை. உன் தம்பி தன்லியினில் இருக்கிற ஃபேக்டரிக்கு பஸ்ஸில் போய், பட்டாளத்துக்காரன் கையில் சிக்காமல் திரும்பும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். சரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டேன். இருபத்திரண்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் போன வெள்ளிக்கிழமையோடு நின்றுவிட்டேன்.

பிள்ளைகள் ஆசிரியர்களை விழுந்து கும்பிடும் நாளில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, உங்க நாற்காலியில யாரும்மா அந்த வெள்ளைக்காரின்னு சிரித்தாயே, நானும் சிரித்து வைத்தேன். அது நான்தான் கண்ணு. மேடையில் எல்லோரோடும் டீச்சர்மார் கட்டும் பச்சை லோன்ஜி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என் முகத்தையும் கையையும் மட்டும் கம்ப்யூட்டரில் வெளுத்துவிட்டார்கள். மற்ற பர்மாக்கார டீச்சர்கள், அந்த சயாமாக்கள் எல்லாம் இருந்தபடியே இருக்கிறார்கள். அதைப் பெரிதாக அச்சடித்துப் பள்ளி வாசலிலும் மாட்டியாயிற்று. முதுகுக்குப் பின்னால் இந்தியாக்காரியென்று இளப்பமாக ‘கலாமா’, கறுப்பி என்பதெல்லாம் எனக்குப் பழகிப்போனதுதான். மஞ்சுளா டீச்சரை விசேஷ நாளில் மேடை ஏற்றாமல் பாத்திரம் கழுவுகிற பக்கம் நிறுத்தினார்கள், போய்விட்டாள். சைதா டீச்சருக்குப் பதினோரு வருஷமாகியும் சொந்தமாக ஒரு வகுப்பு கொடுக்கவில்லை, அவளும் போய்விட்டாள். நம்ம ஆட்களில் மிச்சம் நான் ஒருத்தி. படத்தைப் பார்த்தும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன், நம்ம தெரு இக்ரா மட்டும் கேட்காமல் இருந்திருந்தால். நாலாம் வகுப்பு, என்னைவிட ஒரு பிடி கறுப்பு, கணக்கில் புலி. வாசலில் படத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, டீச்சர், நானும் டீச்சரானா எனக்கும் இப்படி வெள்ளையா ஆயிருமா என்று கேட்டாள். ஆசையோடு கேட்டாளடி, பாவி மனசு அதைத்தான் தாங்கவில்லை.

நேரே தலைமையாசிரியர் ஊ ஸா மினிடம் போய், படத்தை எடுங்கள், இல்லையென்றால் நான் நின்றுகொள்கிறேன் என்றேன். மனுஷர் கெட்டவரில்லை. டீ வரவழைத்தார், சம்பளம் கூட்டித் தருகிறேன் என்றார், உங்கள் ஆட்கள் ஏன் ஒருவரும் நிலைப்பதில்லை சயாமா என்று நிஜமான வருத்தத்தோடுதான் கேட்டார். படத்தை மட்டும் மாற்றுங்கள் என்று திரும்பவும் சொன்னேன். அழகாகத்தானே இருக்கிறது, இதில் என்ன கோபம் என்றார். அவருக்கு விளங்கவே இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ரோஷத்தோடு வந்தேனே தவிர, நிம்மதி இல்லை. நான் வெளியே வந்துவிட்டேன், படம் அங்கேயே தொங்குகிறது. இப்போது இக்ரா பார்க்க அந்தப் பள்ளிக்கூடத்தில் அது ஒன்றுதான் பாக்கி. கடைசி நாள் என் பையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். அந்தக் குழந்தையை விட்டுவிட்டு வந்தேனே என்று மனசு அடித்துக்கொள்கிறது. செய்தது சரிதானா என்று எனக்கே தெரியவில்லை.

நீயும் அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். நல்ல பேரோடும் ஆயுளோடும் இரு, காளியம்மன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைக்கட்டும். மாத்திரையை மறக்காதே. இன்னொன்று. போன வாரம் நீ வகுப்பில் நின்று எடுத்து அனுப்பிய படத்தில் உன் முகமும் வெளுத்துத்தான் இருந்தது, போனில் நீயே ஏதோ செய்திருக்கிறாய். அன்றைக்குக் கேட்க வாய் வரவில்லை. உன் அப்பா கொடுத்த நிறத்தோடு, இருக்கிறபடியே ஒரு படம் அனுப்பு. இக்ராவிடம் காட்டவேண்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா கமலாட்சி