கற்பாலத்தில் இரண்டு பேர்

2002 ஜனவரி 12, சனி

காலையில் ஒரு குடும்பம் வந்தது. அப்பன், ஆத்தா, கைப்பிள்ளை. ஸ்டூலில் உட்காரும் முன்பே அந்தப் பெண், "மூணு பேரா நின்னு எடுத்தா ஒரு ஆளுக்கு ஆகாதுங்களே, அந்தப் பொம்மையக் குடுங்க" என்றாள். எங்கள் ஸ்டூடியோவில் பொம்மை இருப்பது இரத்தினபுரித் தோட்டங்கள் பூராவும் தெரியும். மூன்று பேர் வந்தால் நான்காவது ஆளாக அது மடியில் ஏறும். தீபாவளிக்குத் தீபாவளி என் பெண்சாதி மூக்காயி அதற்குப் புதுக் கவுன் தைத்துப் போடுகிறாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆகவே கவுனைப் பற்றி மட்டும் நான் அவளைக் கேலி செய்வதில்லை. மற்ற எல்லாவற்றையும் பற்றிச் செய்வேன்.

மூன்று பேர் விஷயத்தில் அவளை அசைக்க முடியாது. அவளுக்கு முன் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை. இவள் பிறந்ததும் மூக்கைக் குத்தி, மூக்காயி என்று பேர் வைத்து எமனை ஏமாற்றியிருக்கிறார்கள். "அப்புடி ஏமாத்துனதாலதான் ஒங்களுக்கு ஒரு பொண்டாட்டி கெடச்சிச்சு" என்கிறாள்.

2002 பெப்ரவரி 3, ஞாயிறு

கிளப்பில் கோல்ப் ஆட்டம். முன்பு பரிசளிப்பைப் படம் எடுக்கப் போன இடத்தில், ஆள் குறைகிறது என்று ஒரு தோட்டத் தொரை என்னைக் கூப்பிட்டார்: "ஐயாவு, மூணு பேர் இருக்கோம், நாலாவதா வா." அன்று பிடித்த பைத்தியம். எங்களுடையது ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒன்பது குழி. குழியைச் சுற்றிப் புல் கிடையாது, பழைய எஞ்சின் எண்ணெய் ஊற்றிய மணல்தான். பந்தை உருட்டும் முன் சாக்கை இழுத்து மணலைச் சமன் செய்ய வேண்டும். இதுவும் கோல்ப்தான் என்று நாங்கள் நம்புகிறோம்.

திரும்பி வந்தால் வேலுசாமியின் டெலிபோன். மூக்காயியின் தம்பி. ஸ்கொட்லாந்தில் சென்ட் அன்ட்ரூஸ் என்ற கடற்கரை ஊரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருக்கிறான். "மாமா, நீங்க காலண்டர்ல பாத்துப் பாத்து உருகுற அந்த மைதானம், என் ரூமுல இருந்து நடக்குற தூரம். ஆகஸ்ட்டுல அக்காவையும் கூட்டிட்டு வாங்க. நான் எல்லாம் பாத்துக்கிறேன்."

உலகத்தில் கோல்ப் ஆடுகிற ஒவ்வொருத்தனும் சாவதற்கு முன் ஒரு முறை ஆட நினைக்கிற இடம். கிளப் செக்ரட்டரிக்கு என்னைவிடச் சந்தோஷம். பதினெட்டுக் குழியையும் படம் எடுத்து வந்தால் சுவர் நீளத்துக்கு மாட்டுவாராம்.

மூக்காயி ஒன்றே ஒன்று கேட்டாள். "அங்க போயி நாம ரெண்டு பேரும் சேந்து ஒரு படம் எடுக்கணும்." கல்யாணப் படத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து நின்ற படமே இல்லை. எப்படி இருக்கும், நான்தான் எப்போதும் கமராவுக்குப் பின்னால். சரி என்றேன்.

2002 மார்ச் 9, சனி

அவளுக்குப் பாஸ்போட் படம் எடுத்தேன். சிரித்துக்கொண்டே இருந்தாள். "பாஸ்போட்டுக்குச் சிரிக்கக் கூடாது" என்று அதட்டி, நாலாம் முறை சரியாக வந்தது. கொலைக் கேஸ் கைதி போல இருக்கிறாளாம். கோபம்.

2002 ஆகஸ்ட் 17, சனி. சென்ட் அன்ட்ரூஸ்

ஆடினேன்.

தனி ஆளாக வருகிறவர்கள் விடியும் முன்பே போய் வரிசையில் நிற்க வேண்டும். எங்கேயாவது ஆள் குறைந்தால் சேர்த்துக்கொள்வார்கள். மத்தியானத்துக்கு மேல் மூன்று வெள்ளைக்காரர்களோடு என்னைச் சேர்த்தார்கள். இங்கேயும் நாலாவது ஆள். வேலுசாமி பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். மரம் என்று ஒன்று இல்லை. காற்று, புல், அப்பால் கடல். எங்கள் ரப்பர் காட்டில் பந்து மரத்தில் அடித்து முகத்துக்குத் திரும்பும். இங்கே வானம்தான் வாங்கிக்கொள்கிறது.

முதல் குழியில் மானம் போயிற்று. பந்து குழிக்குப் பக்கத்தில் வந்ததும், பழக்கதோஷம், தோளில் கிடந்த துவாயை எடுத்துக் குனிந்து புல்லின் மேல் இழுத்துக்கொண்டு போனேன். மணலைச் சமன் செய்கிறேனாம். வேலுசாமி ஓடி வந்து கையைப் பிடித்தான். "மாமா, இது மணல் இல்ல, புல்லு." ஒரு வெள்ளைக்காரர் விளக்கம் கேட்டார். என் ஓட்டை இங்கிலீசில் எங்கள் எண்ணெய் மணலைப் பற்றிச் சொன்னேன். சிரிக்கவில்லை. தொப்பியை எடுத்துவிட்டு, தான் ஒரு நாள் அங்கே வந்து ஆட வேண்டும் என்றார்.

மூக்காயி வேலிக்கு வெளியே காத்திருந்தாள். "ஜெயிச்சீங்களா?" என்றாள். இதில் ஜெயிப்பதெல்லாம் இல்லை என்று சொல்லிப் புரிய வைப்பதற்குள் ரூம் வந்துவிட்டது.

2002 ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இல்லை. ஊர்ச் சனம் நாயோடும் பிள்ளைகளோடும் மைதானத்துக்குள் நடக்கலாம். காலையிலிருந்து குழி குழியாகப் படம் எடுத்தேன், வேலுசாமியும் கூட வந்தான். மூக்காயி எனக்கு முன்னால் போவதும் நான் "தள்ளு, தள்ளு" என்று கத்துவதுமாகப் பொழுது போயிற்று. சேலைக்கு மேல் வேலுசாமியின் கோட்டு. "பள்ளத்தப் படம் புடிக்கவா கடல் தாண்டி வந்தீங்க" என்றாள். பத்தாவது குழிக்கு மேல் சொல்லாமலே விலகி நிற்கப் பழகிவிட்டாள்.

கடைசிக் குழிக்கு முன் ஒரு சின்னக் கற்பாலம். அதில் நின்று படம் எடுக்காத ஆட்டக்காரன் இல்லை. எங்கள் படமும் அங்கேதான் என்று முன்பே பேச்சு. போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். கமராவைப் பார்த்தால் ரோலில் ஒரே ஒரு படம் பாக்கி. பையில் வேறு ரோல் இல்லை.

நாயோடு வந்த ஒரு கிழவர், மூன்று பேரும் நில்லுங்கள், நான் எடுக்கிறேன் என்றார். வேலுசாமி அக்காளை இழுத்துப் பாலத்தில் நிறுத்தினான். அவள் நெருப்பை மிதித்த மாதிரி கீழே இறங்கிவிட்டாள். "மூணு பேரா? வேணாம் சாமி. ரெண்டு பேருல யாருக்காச்சும் ஒண்ணு ஆச்சின்னா நான் எங்க போவேன்."

"அப்ப நீயும் மாமாவும் நில்லுங்க, நான் எடுக்கிறேன்" என்றான் அவன். அவள் என்னிடம் வந்து கமராவுக்குக் கையை நீட்டினாள். "இவன் ஊரவிட்டு வந்து எத்தன வருசம். நம்ம ஆளு ஒருத்தர் பக்கத்துல நின்ன படம் ஒண்ணு இவங்கிட்ட இல்ல. நீங்க ரெண்டு பேரும் நில்லுங்க. நமக்குத்தான் வீட்டுலயே ஸ்டூடியோ இருக்கே."

கமராவைக் கொடுத்தேன். நேராகப் பிடி, வெயிலை முதுகுக்கு வைத்துக்கொள் என்று சொன்னேன். எடுத்தாள்.

2002 செப்டம்பர் 21, சனி

கொழும்பிலிருந்து பிரதிகள் வந்தன. பதினெட்டும் அருமை. ஆனால் பாலத்துப் படத்தில் அவளுடைய நிழல். வெயிலை முதுகுக்கு வைக்கச் சொன்னது நான். நிழலைக் கவனிக்கச் சொல்ல மறந்துவிட்டேன். புல் மேல் நீளமாக வந்து எங்கள் இரண்டு பேர் காலடியில் தலை. கோட்டும் கொண்டையும் அப்படியே தெரிகிறது. "படம் கெட்டுப் போச்சு, பார்" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. "அப்ப மூணு பேரா ஆயிட்டமா?"

"நெழலெல்லாம் ஒரு ஆளா?"

"வெட்டிருங்க."

இரண்டு பிரதி வந்திருந்தது. ஒன்றைக் கட்டரில் வைத்து அடிப்பக்கம் வெட்டினேன். நிழலோடு எங்கள் சப்பாத்தும் பாதி போயிற்று. இரண்டையும் மேசை லாச்சிக்குள் போட்டேன். வேலுசாமிக்கு ஒன்றை அவளே தபாலில் போட்டாள்.

2002 நவம்பர் 6, புதன்

தீபாவளிக் கூட்டம் ஓய்ந்தது. புதுச் சேலையோடு கீழே வந்து, "இப்ப எடுப்பமா?" என்று கேட்டாள். எனக்கு நிற்கவே சீவன் இல்லை. பொங்கலுக்கு எடுப்போம் என்றேன். பொம்மைக்கு இந்த முறை மஞ்சள் கவுன்.

2003 ஜனவரி 15, புதன்

பொங்கல். பிளாஷ் பழுது.

2003 மே 16, வெள்ளி

ஓயாத மழை. மூக்காயி அவள் சின்னம்மா மகள் வீட்டுச் சடங்குக்குத் தோட்டத்துக்குப் போயிருக்கிறாள். பிள்ளை சமைந்து தண்ணீர் ஊற்றுகிறார்கள். மலை மேல் லயத்து வரிசை வீடு, பஸ் இறங்கி ஏற வேண்டும். இந்த மழையில் எதற்கு என்றேன். சீர் கொண்டுபோக வேறு ஆள் ஏது என்றாள். ஞாயிறு வந்துவிடுவாளாம். "பச்சச் சேலய வெளிய எடுத்து வச்சிருக்கேன். வந்தோடன படம். இந்தவாட்டி சாக்குச் சொன்னீங்கன்னா கபூர் நானா ஸ்டூடியோவுக்குப் போயிருவேன்." கபூர் அடுத்த தெருவில் என் போட்டிக்காரர். போய்த்தான் பாரேன் என்றேன்.

2003 மே 20, செவ்வாய்

மலை எறங்கிருச்சு. லயத்தோட. எல்லாரும் படுத்துக் கெடந்த நேரம்.

நேத்துத்தான் அவள மண்ணுக்குள்ள இருந்து எடுத்தாங்க. நான் பாத்தேன். மூக்குத்தி இருந்துச்சு.

2003 மே 22, வியாழன்

எமன எங்க ஏமாத்துனாங்க? யார ஏமாத்துனாங்க?

2003 ஜூன் 1, ஞாயிறு

கருமாதி. வேலுசாமி வந்திருக்கிறான். மாலை போட ஒரு படம் வேண்டும் என்றார்கள்.

ஸ்டூடியோவுக்குள் வாசல் போர்டு மட்டத்துக்குத் தண்ணீர் நின்றது. கல்யாண அல்பம், நெகட்டிவ் அலுமாரி, எல்லாம் சேறு. களு கங்கை வெள்ளம் எதையும் விட்டுவைக்கவில்லை. பாஸ்போட் மட்டும் மேல் தட்டில் கிடந்தது. அதைக் கொண்டுபோய், வெள்ளம் ஏறாத மேட்டுக் கடையில் இருந்த கபூரிடம் கொடுத்தேன். மனுசன் கடையை மூடிவிட்டு உட்கார்ந்து பெரிதாக்கிக் கொடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "மூக்காயி சிரிச்ச மொகமாத்தானே இருப்பா, இது ஏன் இப்புடி?" என்று கேட்டார்.

சிரிக்காதே என்று நான் சொன்னேன். அதனால்தான்.

2003 ஜூன் 15, ஞாயிறு

வேலுசாமி போய்விட்டான். சேறு வழித்தேன். நெகட்டிவ் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தால் வெறும் தகடு. பொம்மையைக் காணோம்.

லாச்சியைத் திறந்தேன். கூழ். அதற்குள்தான் அந்தப் படம் இருந்தது. நிழல் விழுந்த படம். கோட்டும் கொண்டையுமாக.

அங்கே அவள் எங்களோடு இருந்ததற்கு அது ஒன்றுதான் சாட்சி. அதைக் கெட்டுப் போன படம் என்று சொன்னேன்.

2003 ஜூன் 17, செவ்வாய்

காலையில் திடீரென்று உறைத்தது. இரண்டு பிரதி. வேலுசாமியிடம் ஒன்று இருக்கிறது. லாச்சிக்குள் இருந்து அவள் எதை எடுத்து அனுப்பினாள்? நான் பார்க்கவில்லை. அனுப்பியது முழுப் படமாகத்தான் இருக்க வேண்டும். வெட்டிய படத்தை யாராவது தபாலில் அனுப்புவார்களா?

அவனைக் கூப்பிட்டேன். "அதுவா மாமா, பாலத்துல நீங்களும் நானும். நெழலெல்லாம் நான் கவனிக்கலியே. ரூம் மாறுனப்போ பெட்டிக்குள்ள போச்சு. தேடி அனுப்புறேன்."

அனுப்பு ராசா.

2003 ஜூலை 5, சனி

தபால் இல்லை.

2003 ஜூலை 19, சனி

தபால்காரர் தூரத்திலேயே தலையை ஆட்டுகிறார். கிளப் செக்ரட்டரி வந்து துக்கம் விசாரித்தார். பெரிதாக்கிக் கொடுக்காமலே வைத்திருந்த பதினெட்டுப் படமும் போயிற்று என்றேன். அதை நினைக்க வேண்டாம் என்றார். நான் நினைக்கவே இல்லை.

2003 ஆகஸ்ட் 2, சனி

வந்தது.

மட்டையைக் கவனமாகப் பிரித்தேன். சுத்தமான படம். பாலம், பின்னால் அந்த ஊர்க் கிளப்பின் பெரிய கட்டடம், வேலுசாமி, நான். அடியில் நேர்க்கோடு. சப்பாத்து பாதி.

என் கட்டர்தான். கோணல் இல்லாமல் வெட்டியிருக்கிறேன்.

அவள் வெட்டியதைத்தான் அனுப்பியிருக்கிறாள். வேறு எதை அனுப்புவாள்? மூன்று பேர் இருக்கிற படத்தைத் தம்பி கையில் கொடுப்பாளா? அவனுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. எனக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. ஆபத்தா இருந்தத வீட்டுலயே வச்சிக்கிட்டா.

நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. நிழல் ஒரு ஆள் இல்லை, மழை பெய்தது, மலை சரிந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் படத்தில் மூன்று பேர் இருந்தோம். அதை மட்டும் நம்புகிறேன். படத்தின் கீழ் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். அந்தக் கோட்டுக்குக் கீழேதான் அவள்.

2003 ஆகஸ்ட் 3, ஞாயிறு

பச்சைச் சேலை இன்னும் மாடிக் கொடியில் இருக்கிறது. மடிக்க முடியவில்லை.

2003 நவம்பர் 16, ஞாயிறு

கிளப்பிலிருந்து ஆள் வந்தது. மூணு பேர் இருக்கிறார்களாம், நாலாவதாக வரட்டுமாம். போகவில்லை.

2006 ஏப்ரல் 14, வெள்ளி

புத்தாண்டு. காலையிலிருந்து கூட்டம். போன மாதத்திலிருந்து ஞாயிறுகளில் கிளப்புக்குப் போகிறேன். சாக்கை இழுக்கும்போது இடுப்பு பிடிக்கிறது.

கடை மூடப் போகும் நேரத்தில் ஒரு குடும்பம் வந்தது. புருசன், பெண்சாதி, நடக்கப் பழகிய பெண் பிள்ளை. வெளியே ஆற்றோரம் நின்று எடுக்க ஆசையாம். போனோம். கமராவைத் தூக்கியதும் அந்தப் பெண், "அண்ணே, பொம்ம ஒண்ணு வச்சிருப்பீங்களாமே" என்றாள். வெள்ளத்தில் போய்விட்டது என்றேன். முகம் வாடிவிட்டது. "அப்ப வேணாங்க. நாளைக்கு எங்க அம்மாவையும் கூட்டிட்டு வாறோம்."

நாளைக்கு என்று சொல்லாதே அம்மா என்று வாய் வரை வந்தது. "நில்லுங்க, நாலு பேரா ஆக்கிருவோம்" என்றேன்.

சுற்றி வந்து வெயிலை முதுகுக்கு வைத்துக்கொண்டேன். நிழல் புல்லில் நீண்டு போய் அவர்கள் காலடியில் விழுந்தது. பிள்ளை அதைப் பார்த்து ஓடி வந்து என் தலையின் மேல் ஏறி நின்றது.

"அண்ணே, ஒங்க நெழலு படத்துல விழுகுதே" என்றான் புருசன்.

"விழட்டும் தம்பி. வெட்ட மாட்டேன்."

அந்தப் பெண் புல்லைப் பார்த்தாள். பிள்ளையைத் தன் பக்கம் இழுத்து நிறுத்தி, புருசனைத் தொட்டு, பிறகு என் நிழலையும் சேர்த்து விரல் விட்டு எண்ணினாள். "சரிதாங்க. நாலு பேரு" என்றாள்.

சிரிக்கச் சொல்லிவிட்டு எடுத்தேன்.