பேர் சொன்னால் திறக்கிறேன்

அன்பு மலர்க்கொடிக்கு, குவைத்தில் கை கால் முழுசாக இருக்கும் உன் வீட்டுக்காரன் ராசாங்கம் எழுதுவது. பிள்ளைகள் சுகமா? இங்கே நடக்கும் சண்டையால் அங்கே சமையல் கேஸ் கிடைக்கவில்லையாமே, விறகு இருக்கிறதா?

போன வாரம் சைரன் அடித்ததும் எங்கள் கேம்ப் மேனேஜர், அந்த அரியலூர்க்காரன், குண்டுக்குப் பதுங்கும் பங்கருக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். நாங்கள் வெளியே மண்ணில் கிடந்தோம். நேற்று நாங்கள் முந்திக்கொண்டோம். அவன் வந்து கதவைத் தட்டினான்.

"உள்ள இருக்குறவங்க பேரச் சொல்லுங்க சார், தொறக்குறேன்" என்றேன்.

எல்லாரையும் 'ஏய்' என்றே கூப்பிட்டவன். யோசித்து யோசித்து "ராசாங்கம்" என்றான்.

"அவரத்தான் போன வாரம் வெளிய விட்டீங்களே சார். அங்கதான் கெடப்பாரு, பாருங்க."

குண்டுச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் திறந்தேன். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை, அதுதான் வருத்தம்.

சிறுவாச்சூர் காளிக்கு மாவிளக்கு போடு. என்னைச் சீக்கிரம் உன்னிடம் அனுப்பச் சொல். அவனை இங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்.