காலை ஒன்பது மணிக்கு மடங்காத விரல்கள்

இன்று பிசியோதெரபி அறையில் உருக்கிய மெழுகின் வாசனை. ஓர் அம்மாள் இளஞ்சூட்டு மெழுகில் கைகளை முக்கி எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு உன் கைகள்தான் நினைவுக்கு வந்தன.

எழுபதுகளில் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அருகே ஒரு கப்பல் ஏஜென்சியில் நாம் இருவரும் டைப்பிஸ்ட்டுகள். உனக்கு இருபத்தெட்டு வயது. இரண்டு கை விரல் கணுக்களும் ஒரே மாதிரி வீங்கின. காலையில் விரல் மடங்காது. பதினொரு மணிக்குத்தான் இளகும். அதுவரை உன் கடிதங்களையும் நானே ரகசியமாக அடித்தேன். உன் வேலையை நம்பித்தான் உங்கள் வீடு இருந்தது.

டாக்டரிடம் உன் அம்மாவும் நானும் உடன் வந்தோம். “மூட்டு வலி எல்லாம் ஒண்ணு இல்ல. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். சிலருக்குக் கால் பெருவிரல் மட்டும் திடீர்னு வீங்கும், அது யூரிக் ஆசிட். உனக்கு முடக்குவாதம். முழுசாப் போகாது, அடக்கி வைக்கலாம்” என்றார். பெருவிரல் என்றதும் நம் மேனேஜர் நொண்டி வருவதை நினைத்து இருவரும் சிரிப்பை அடக்கினோம். வெளியே வந்து நீ அழுதாய்.

சாப்பிட்ட பிறகு மாத்திரை, வீக்கம் இருந்தால் ஓய்வு, தணிந்தால் மெழுகு ஒத்தடமும் விரல் பயிற்சியும். எதையும் நீ தவறவிடவில்லை.

ஒருநாள் நேராக மேனேஜர் முன்னால் போய் நின்றாய். “சார், காலையில எனக்கு விரல் மடங்காது. இவதான் என் வேலையையும் சேத்து அடிச்சுக் குடுக்கா.”

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். “காலையில சரக்குப் பட்டியல் சரிபாரு. மத்தியானம் டைப் அடி” என்றார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?” என்று கோபித்தேன்.

“சொன்னா நீ விட்டிருக்க மாட்டே, ஏளா. எனக்காக நீ எத்தனை நாளைக்குப் பயந்துக்கிட்டே இருப்பே?”

ஓய்வு பெறும்வரை நீ வேலை பார்த்தாய். விரல்கள் கோணின; ஆனாலும் போன ஐப்பசியில் நீ போகும்வரை உன் தலையை நீயே பின்னிக்கொண்டாய்.

என் முழங்காலும் தேய்ந்துவிட்டது. முன்பென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்திருப்பேன். இப்போது மருமகளிடம், “இன்னைக்கு என்னால மாடிக்கு ஏற முடியாதும்மா, நீ துணியை எடுத்துட்டு வா” என்கிறேன். சொல்லும்போது குரல் தணிவதில்லை.