புகை வராத கரி

பாப்பாவின் அப்பாவுக்கு,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா தூங்குகிறாள். அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

காப்பித் தொலியை எரித்து நீங்கள் செய்த கரி உருண்டைகள் நன்றாகவே கனல்கின்றன. நேற்று மத்தியானம் மழையும் குளிருமாக இருந்தது. சட்டி நிறையப் போட்டுக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தினேன். துளிப் புகை இல்லை. தலை மட்டும் கனத்தது. அசதி என்று பாப்பாவோடு படுத்துவிட்டேன்.

பால் கொண்டுவந்த கண்ணாயி அக்காதான் கதவைத் தள்ளி எங்களை வெளியே இழுத்துப் போட்டார். "ஏஞ்சாமி, வெறகுன்னா கண்ணு எரியும், கதவைத் தொறப்போம். இது சத்தமில்லாம படுக்க வெச்சிருச்சே" என்றார். பாப்பா அழவே ரொம்ப நேரமாயிற்று. டாக்டர் பார்த்துவிட்டார். இப்போது பால் குடிக்கிறாள்.

மூடிய அறையில் கரி விஷவாயு விடும் என்று பரீட்சையில் எழுதித் தேறியவள் நான். பொட்டலத்தில் ஒட்ட, 'புகை வராது, கதவைச் சாத்திக் குளிர் காயலாம்' என்று எழுதிக் கொடுத்தவளும் நான்தான். உங்களைக் குறை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சேலம் பொருட்காட்சியில் கடை திறக்கிறீர்கள். அதற்குள் எல்லாப் பொட்டலத்திலும் அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். 'கதவைத் திறந்து வைத்தே மூட்டவும்' என்று வேறு தாள்கள் எழுதி வைத்திருக்கிறேன். முதல் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கிழித்தாயிற்று என்று ஒரு வரி, அதே பஸ்ஸில் பதில் அனுப்புங்கள்.

உங்கள்,
பாப்பாவின் அம்மா